குறைந்த காற்றோட்டத்தில் தெரியும் தரம்: வி.ஏ.வி. டிஜிட்டல் கன்ட்ரோலர்கள் குறித்த மதிப்பீடு

மாறும் காற்றளவு (வி.ஏ.வி.) முறையில் இயங்கும் குளிரூட்டல், வெப்பமூட்டல் அமைப்புகளில், ஒவ்வோர் அறைக்கும் அல்லது அறைத்தொகுதிக்கும் மேலே ஃபால்ஸ் சீலிங்கிற்குள் ஒரு வி.ஏ.வி. பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தப்படும் டிஜிட்டல் கன்ட்ரோலரைப் பற்றியது இந்த மதிப்பீடு. கட்டடத்தின் மின்செலவையும் உள்ளே இருப்பவர்களின் வசதியையும் ஒருசேரத் தீர்மானிக்கும் இந்தச் சிறு கருவியை, விற்பனைக் கையேட்டில் காட்டப்படும் தொடுதிரை, கைப்பேசிச் செயலி, கிளவுட் இணைப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவலாகிவிட்டது. பல உற்பத்தியாளர்களின் கன்ட்ரோலர்களை இயக்கத்திற்குக் கொண்டுவந்தும் பராமரித்தும் வந்ததில் நான் அடைந்த முடிவு வேறு. மிகக் குறைந்த காற்றோட்டத்தை ஒரு கன்ட்ரோலர் எவ்வளவு சரியாக அளக்கிறது, அந்த அளவீட்டை ஆண்டுக்கணக்கில் எவ்வளவு பிசகாமல் காத்துக்கொள்கிறது என்ற இரண்டையும் கொண்டே அதை முதலில் எடைபோட வேண்டும். மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

கன்ட்ரோலரின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறையின் வெப்பநிலையைப் படித்து, அது செட் பாயின்ட்டிலிருந்து, அதாவது நாம் குறித்துவைத்த இலக்கு வெப்பநிலையிலிருந்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கொண்டு, அறைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று முதல் கணக்கு முடிவு செய்கிறது. அந்த அளவு காற்று உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்து, காற்றின் வழியை அடைக்கும் தகடான டாம்பரைத் திறப்பதும் மூடுவதும் இரண்டாவது கணக்கு. ஒன்றின் விடை மற்றொன்றின் இலக்காக அமையும் இந்த இரட்டை அமைப்பினால்தான், பக்கத்து அறைகளின் டாம்பர்கள் மூடிக்கொண்டு காற்றைக் கொண்டுவரும் பெரிய குழாயான டக்டில் அழுத்தம் ஏறினாலும் நம் அறைக்கு வரும் காற்று மாறாமல் இருக்கிறது. காற்றை அளக்காமல் வெப்பநிலையை மட்டும் பார்த்து டாம்பரை அசைக்கும் மலிவான கன்ட்ரோலர்களும் சந்தையில் உண்டு. பல அறைகள் ஒரே டக்டைப் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்திற்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஓர் அறையில் நிகழும் மாற்றம் மற்ற அறைகளையெல்லாம் தொடர்ந்து அலைக்கழித்துக்கொண்டே இருக்கும். முன்பு இதே வேலையை, அழுத்தக் காற்றால் இயங்கும் நியூமேட்டிக் கன்ட்ரோலர்கள் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரையிலான சமிக்ஞையைக் கொண்டு செய்துவந்தன. அவற்றுக்கு இடையறாத அளவுத்திருத்தம் தேவைப்பட்டது. எந்தப் பெட்டியில் என்ன நடக்கிறது என்பதை ஓரிடத்தில் இருந்து பார்க்கவும் வழியில்லை. டிஜிட்டல் கன்ட்ரோலர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்ததற்கு இவ்விரண்டு காரணங்களே போதுமானவை.

இனி அளவீட்டுக்கு வருவோம். பெட்டியின் நுழைவாயில் குழாயில் சிலுவை வடிவிலோ வளைய வடிவிலோ ஒரு காற்றோட்ட அளவி பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு சிறு பிளாஸ்டிக் குழாய்கள் கன்ட்ரோலருக்கு வருகின்றன. ஒன்று மொத்த அழுத்தத்தையும் மற்றொன்று நிலையழுத்தத்தையும் கொண்டுவருகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் கன்ட்ரோலருக்குள் இருக்கும் அழுத்த சென்சார் படிக்கிறது. அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பெட்டிக்குரிய கே ஃபேக்டர் என்ற மாறா எண்ணால் பெருக்கினால் காற்றளவு கிடைக்கும். சிக்கல் இந்த வர்க்கமூலத்தில்தான் இருக்கிறது. காற்றோட்டம் பாதியாகக் குறைந்தால் அழுத்த வேறுபாடு கால்பங்காகிவிடுகிறது. காற்றோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அழுத்த வேறுபாடு நூறில் ஒன்றாகிவிடுகிறது.

இதை எண்களில் பார்த்தால் விளங்கும். முழுக் காற்றோட்டத்தில் 250 பாஸ்கல் வேறுபாடு தரும் ஒரு பெட்டியையும், அதிகபட்சம் 250 பாஸ்கல் வரை படிக்கக்கூடிய, அதாவது 250 பாஸ்கல் முழு அளவு கொண்ட, ஒரு சென்சாரையும் எடுத்துக்கொள்வோம். அந்த சென்சாரின் துல்லியம் முழு அளவில் 1 சதவீதம் என்று கையேட்டில் போட்டிருந்தால், படிக்கும் ஒவ்வோர் எண்ணிலும் கூட்டியோ குறைத்தோ 2.5 பாஸ்கல் பிழை இருக்கலாம் என்று பொருள். காற்றோட்டம் 30 சதவீதத்தில் இருக்கும்போது வேறுபாடு 22.5 பாஸ்கல், பிழையைச் சேர்த்தாலும் கன்ட்ரோலர் காட்டும் எண் ஏறத்தாழ 28 முதல் 32 சதவீதத்திற்குள் அடங்கிவிடும். காற்றோட்டம் 20 சதவீதமானால் அது 17 முதல் 22 வரை விரியும். காற்றோட்டம் 10 சதவீதத்திற்கு இறங்கும்போது வேறுபாடே 2.5 பாஸ்கல்தான்; பிழையும் அதே அளவு. காற்றே வராதபோது 10 சதவீதம் வருகிறது என்றோ, 10 சதவீதம் வரும்போது 14 சதவீதம் வருகிறது என்றோ கன்ட்ரோலர் நம்பிக்கொண்டிருக்கும். கையேட்டில் அச்சாகியிருக்கும் ‘1 சதவீதம்’ என்ற எண் பார்ப்பதற்கு எவ்வளவு நிறைவாகத் தோன்றினாலும், அது முழு அளவில் சொல்லப்பட்டதா, படிக்கும் அளவில் சொல்லப்பட்டதா என்று கேட்காமல் எந்தக் கன்ட்ரோலரையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

எதிர்காலத் தேவையைக் கருதித் தேவைக்கு மேல் பெரிய பெட்டியைப் பொருத்திவிடும் இடங்களில் நிலைமை இன்னும் மோசமாகிறது. வடிவமைப்புக் காற்றளவிலேயே அங்கே 100 பாஸ்கல்தான் கிடைக்கிறது என்றால், பத்தில் ஒரு பங்கு காற்றோட்டத்தில் வெறும் 1 பாஸ்கலை வைத்துக்கொண்டு கன்ட்ரோலர் முடிவெடுக்க வேண்டும். எத்தனை நல்ல சென்சாரும் அங்கே திணறத்தான் செய்யும். கன்ட்ரோலரைக் குறைசொல்லும் பல புகார்களுக்கு உண்மையில் பெட்டியின் அளவே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். பெட்டிக்கு முன்னால் நேரான குழாய்க்கு இடமில்லாமல், வளைவை ஒட்டியோ கசங்கிய ஃப்ளெக்சிபிள் டக்டை ஒட்டியோ பெட்டியைப் பொருத்திவிடுவதும் இதே போன்ற குறைதான். குழாயின் விட்டத்தைப்போல மூன்று மடங்கு நீளத்திற்காவது முன்னால் நேர்க்குழாய் இருந்தால்தான் காற்றோட்ட அளவி நம்பத்தக்க சமிக்ஞையைத் தரும்.

சென்சாரின் வகையும் கவனிக்க வேண்டியது. சில கன்ட்ரோலர்களில், சூடேற்றிய நுண்பரப்பின் மீது மிகச் சிறிதளவு காற்றை ஓடவிட்டு அளக்கும் வெப்ப வகை சென்சார் இருக்கிறது. மிகக் குறைந்த அழுத்தத்தை இது அருமையாகப் படிக்கிறது. அழுத்த வேறுபாடே இல்லாதபோது காட்ட வேண்டிய பூச்சியப் புள்ளியும் எளிதில் நகர்வதில்லை. ஆனால் காற்று உள்ளே ஓடியாக வேண்டும் என்பதால், தூசி நிறைந்த காற்றுள்ள இடங்களில் நாளடைவில் அடைப்பு ஏற்படும் வாய்ப்பு உண்டு; பிளாஸ்டிக் குழாயை வேண்டிய அளவுக்கு மேல் நீளமாக விட்டாலும் அளவீடு மாறிவிடும். மற்றொரு வகையில், மெல்லிய சவ்வு அழுத்தத்தால் வளைவதை அளக்கிறார்கள். இதற்குள் காற்று ஓடுவதில்லை. எனவே தூசியைப் பற்றிய கவலை குறைவு. ஆனால் சுற்றுப்புற வெப்பநிலை மாறும்போதும் பொருத்திய கோணம் மாறும்போதும் பூச்சியப் புள்ளி நகர்ந்துவிடும். நூல்தூசி அதிகமுள்ள ஆலைகள், அச்சகங்கள் போன்ற இடங்களுக்குச் சவ்வு வகையையும், வடிகட்டிகள் நன்றாகப் பேணப்படும் அலுவலகக் கட்டடங்களுக்கு வெப்ப வகையையும் நான் விரும்புவேன்.

சவ்வு வகையின் பூச்சிய நகர்வைச் சரிசெய்யப் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் கையாளும் வழி, குறித்த இடைவெளியில் டாம்பரை முழுவதும் மூடி, அப்போது சென்சார் காட்டும் எண்ணைப் பூச்சியமாக எடுத்துக்கொள்வது. இரவில் ஆளில்லாமல் இருக்கும் அலுவலகத்தில் இதனால் தொல்லையில்லை. ஆனால் டாம்பரின் ரப்பர் விளிம்பு தேய்ந்து காற்று கசிந்துகொண்டிருந்தால், கசியும் காற்றையும் கன்ட்ரோலர் பூச்சியம் என்று பதிவு செய்துகொள்ளும். அன்றிலிருந்து அது காட்டும் எல்லா எண்களும் குறைவாகவே இருக்கும். மருத்துவமனை அறைகள், இரவுபகலாக இயங்கும் ஆய்வறைகள் போன்றவற்றில் சில நிமிடங்களுக்கு டாம்பரை மூடுவதே தவறு. அறைகளுக்கு இடையே காக்கப்பட வேண்டிய அழுத்த உறவு அந்த நேரத்தில் குலைந்துவிடும். இத்தகைய இடங்களுக்கு, இரண்டு குழாய்களையும் மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு சொலினாய்டு வால்வால் இணைத்துக் காற்றோட்டத்தைத் தடுக்காமலேயே பூச்சியத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலரையே வாங்க வேண்டும். விலை சற்று கூடுதலாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கலாகாது.

குறைந்த காற்றோட்டத்தை இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்று கேட்கலாம். கட்டடத்தின் பெரும்பாலான நேரம் குறைந்த காற்றோட்டத்தில்தான் கழிகிறது. வடிவமைப்பாளர் கணக்கிட்ட உச்ச வெப்பச் சுமை ஆண்டில் மிகச் சில மணிநேரம்தான் வருகிறது. மற்ற நேரங்களில் பெட்டிகள் குறைந்தபட்ச அளவிலோ அதற்குச் சற்று மேலோ இயங்குகின்றன. அந்தக் குறைந்தபட்ச அளவை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ, அவ்வளவு குளிர்ந்த காற்று தேவையில்லாத நேரத்திலும் அறைக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அறை மிகவும் குளிர்ந்துவிடும். காற்றைச் சூடேற்றும் ரீஹீட் சுருள் உள்ள பெட்டியாக இருந்தால், ஒருமுறை செலவு செய்து குளிரவைத்த காற்றை மறுபடி செலவு செய்து சூடாக்க வேண்டிவரும். இந்த வீண்செலவு என்னை உண்மையாகவே வருத்தும் ஒன்று. பழைய வழக்கப்படி, முழு அளவில் 30 சதவீதம் முதல் 50 சதவீதம் வரை குறைந்தபட்சமாக வைத்துவிடுவார்கள். குறைவான காற்றோட்டத்தைக் கன்ட்ரோலர் அளக்காது என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவைச் சேர்ந்த குளிரூட்டல், வெப்பமூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே 2018-இல் முதலில் வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்த வழிகாட்டி 36, இந்தப் பழக்கத்திற்கு நல்ல மாற்றைத் தருகிறது. வெப்பமூட்டும்போது முதலில் காற்றைக் குறைந்தபட்ச அளவிலேயே வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து வெளியேறி அறைக்கு வரும் காற்றின் வெப்பநிலையை மட்டும் உயர்த்த வேண்டும். அது அறையின் வெப்பமூட்டல் செட் பாயின்ட்டைவிட சுமார் 11 டிகிரி செல்சியஸ் கூடுதலான உச்சத்தைத் தொட்ட பிறகும் போதவில்லை என்றால்தான் காற்றளவைக் கூட்ட வேண்டும். இரட்டை உச்ச முறை எனப்படும் இதன் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமென்றால், குறைந்தபட்சக் காற்றளவு அறையின் புதிய காற்றுத் தேவையின் அளவுக்கு உண்மையிலேயே இறங்க வேண்டும். தேவைப்படும் காற்று, கன்ட்ரோலரால் நம்பகமாக அளக்கக்கூடிய அளவைவிடவும் குறைவாக இருந்தால், டாம்பரைச் சிறிது நேரம் திறந்தும் சிறிது நேரம் மூடியும் வைத்துச் சராசரியில் அந்த அளவை எட்டும் வழியையும் இதே வழிகாட்டி சொல்கிறது. ஆக, ‘உங்கள் கன்ட்ரோலரால் கட்டுப்படுத்தக்கூடிய மிகக் குறைந்த காற்றளவு என்ன?’ என்ற கேள்விக்கு, பெட்டியின் ஒவ்வொரு நுழைவாயில் அளவுக்கும் தனித்தனியாக எண்ணில் விடை தரும் உற்பத்தியாளரையே நம்பலாம். வி.ஏ.வி. பெட்டி போன்ற காற்றுமுனைப் பெட்டிகளின் கன்ட்ரோலர்களைச் சோதித்துத் தரப்படுத்துவதற்கென்றே ஆஷ்ரே 195 என்ற தரநிலை 2013-இல் வெளிவந்திருக்கிறது. அதன்படி சோதிக்கப்பட்ட முடிவுகளைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. கையேட்டின் பளபளப்பான பக்கங்களைவிட, அந்த ஒற்றைத் தாளுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

டாம்பரை அசைக்கும் மோட்டாரைப் பொறுத்தவரை, கன்ட்ரோலரோடு ஒரே உறைக்குள் அமைந்திருக்கும் வகையே இன்று மிகுதி. பொருத்துவதும் மாற்றுவதும் எளிது. இங்கே பார்க்க வேண்டியது, டாம்பர் எங்கே நிற்கிறது என்பதைக் கன்ட்ரோலர் எப்படி அறிகிறது என்பதுதான். மலிவான வகைகளில், மோட்டார் எத்தனை வினாடி ஓடியது என்பதைக் கொண்டு டாம்பரின் நிலை ஊகிக்கப்படுகிறது. ஒரு நாளில் பலமுறை சிறிது சிறிதாக அசைந்த பிறகு அந்த ஊகம் உண்மையிலிருந்து விலகிவிடும். ஒரு முனைவரை முழுவதும் ஓட்டி மறுபடி கணக்கைத் தொடங்கினால்தான் சரியாகும். நிலையை நேரடியாக அளந்து சொல்லும் மோட்டாரில் இந்தச் சிக்கல் இல்லை. இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் காற்று அனுப்பும் மையக் கருவியின் விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதையே இந்த எண் தீர்மானிக்கிறது.

வழிகாட்டி 36-இன் முறைப்படி, டாம்பர் 95 சதவீதத்திற்கு மேல் திறந்திருக்கும் ஒவ்வொரு பெட்டியும் மையக் கருவிக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அந்த அளவுக்குத் திறந்திருந்தும் ஒரு நிமிடமாக இலக்கில் 70 சதவீதக் காற்றுகூட வரவில்லை என்றால் இரண்டு கோரிக்கைகள். 50 சதவீதம்கூட வரவில்லை என்றால் மூன்று. கோரிக்கைகள் குறைவாக இருக்கும்வரை டக்டின் அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டுக்கொண்டே வரும். விசிறியின் மின்திறன் வேகத்தின் முப்படியைப் பின்பற்றுவதால், வேகத்தில் செய்யும் சிறு குறைப்பும் மின்கட்டணத்தில் நன்றாகத் தெரியும். டாம்பர் நிலையைத் தவறாக ஊகிக்கும் ஒரே ஒரு பெட்டி இடைவிடாமல் பொய்க் கோரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தால், கட்டடம் முழுவதற்குமான இந்தச் சேமிப்பு கெட்டுவிடக்கூடும். உயரழுத்தக் குழாயும் தாழழுத்தக் குழாயும் இடம் மாறிப் பொருத்தப்பட்ட பெட்டியும் இதையே செய்யும். காற்றே வரவில்லை என்று நினைத்துக் கன்ட்ரோலர் டாம்பரை முழுவதும் திறந்துவைத்துக்கொண்டு அழுத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எதிர்மறை அழுத்தத்தைப் படித்து, ‘குழாய்கள் இடம் மாறியிருக்கின்றன’ என்று எச்சரிக்கை தரும் கன்ட்ரோலர்களுக்கு நான் முன்னுரிமை தருவது இதனால்தான்.

மோட்டார் ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருப்பதும் ஒரு பொதுவான குறை. நல்ல கன்ட்ரோலர், இலக்குக் காற்றளவைச் சுற்றி ஒரு சிறு எல்லை வகுத்து, அதற்குள் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. இந்த எல்லையையும் விலகலுக்கு எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்ட வேண்டும் என்று சொல்லும் ஆதாய மதிப்புகளையும் நாமே மாற்ற இடம் கொடுக்காத கருவியில், பல் சக்கரங்கள் காலத்திற்கு முன்பே தேய்ந்துபோகும்.

நிரலாக்கத்தில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்ட பயன்பாடுகளில் வேண்டியதைத் தேர்ந்து எண்களை மட்டும் நிரப்பும் வகை. மற்றொன்று, தர்க்கத்தை முழுவதும் நாமே எழுதும் வகை. இரண்டாவது வகையே உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அலுவலகம், பள்ளி, வணிக வளாகம் போன்ற வழக்கமான கட்டடங்களுக்கு நான் முதல் வகையையே பரிந்துரைக்கிறேன், அதில் இரட்டை உச்ச முறையும் கோரிக்கை அனுப்பும் முறையும் ஏற்கெனவே இருக்கும் பட்சத்தில். நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஒவ்வொருவர் கைவண்ணத்திலும் எழுதப்பட்ட நிரல்களைப் பின்னாளில் வேறொருவர் படித்துப் புரிந்துகொள்வது மிகக் கடினம். தொழிற்சாலையில் ஏற்றப்பட்ட பயன்பாட்டில் பழைய ஒற்றை உச்ச முறை மட்டும் இருந்தால், அந்தக் கருவியை ஒதுக்கிவிடுவதே நல்லது. விஷவாயுக்களை இழுக்கும் ஃப்யூம் ஹூட் உள்ள ஆய்வகங்களுக்கு இந்த வகைக் கன்ட்ரோலர்கள் எவையுமே பொருந்தா. வழக்கமான டாம்பர் மோட்டார் முழுத் தூரம் நகர ஒன்றரை நிமிடம் வரை எடுத்துக்கொள்ளக்கூடும். ஆய்வகத்திலோ சில வினாடிகளுக்குள் காற்று மாறியாக வேண்டும். அதற்கென உள்ள விரைவு வகைகளைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தகவல் இணைப்புக்குப் பெரும்பாலானவை பேக்நெட் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. ஆஷ்ரே 135 என்ற தரநிலையாக 1995-இல் வெளிவந்து, பிறகு ஐ.எஸ்.ஓ. 16484-5 ஆகவும் ஏற்கப்பட்ட இந்த நெறிமுறை, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவுகிறது. பெட்டி மட்டத்தில் இரண்டு கம்பிகளில் ஓடும் எம்.எஸ்./டி.பி. வகையே இன்னும் அதிகம். இது மலிவானது, உறுதியானது. ஆனால் கவனத்தைக் கேட்பது. ஒரே தொடரில் 128 முதன்மைக் கருவிகள் வரை இருக்கலாம் என்று விதி சொன்னாலும், அதில் பாதியைக்கூடச் சேர்க்காமல் இருப்பது நடைமுறைக்கு நல்லது. முறைவைத்துப் பேசும் அமைப்பு என்பதால், கருவிகள் கூடக்கூட ஒவ்வொன்றின் முறை வருவதற்கு நேரமாகும். கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று நேர்வரிசையில் செல்ல வேண்டும். இடையில் கிளை பிரியக் கூடாது. இரு முனைகளில் மட்டும் 120 ஓம் மின்தடை வேண்டும். கூட்டல், கழித்தல் முனைகள் எங்கும் மாறக் கூடாது. இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி கொடுக்கப்பட்டால், இரண்டும் மாறி மாறிக் காணாமல் போகும். இந்தத் தவறுகளைச் சிறு விளக்கின் நிறத்தாலோ சிமிட்டலாலோ கருவியிலேயே காட்டிவிடும் கன்ட்ரோலர், ஏணிமேல் நின்று வேலை செய்பவருக்குச் செய்யும் உதவி பெரியது.

ஈதர்நெட்டில் நேரடியாக இணையும் புதிய வகைகளின் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். முழுப் பயன்பாட்டுக் கோப்பையும் ஏற்றுவது, நூற்றுக்கணக்கான அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்வது போன்றவை அதில் எளிதாக நடக்கின்றன. இரண்டு ஈதர்நெட் முனைகள் கொண்ட கன்ட்ரோலர்களைத் தொடராக இணைக்கும்போது, நடுவில் ஒன்றுக்கு மின்சாரம் போனால் அதற்கு அப்பால் உள்ளவற்றின் தொடர்பு துண்டிக்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வளையமாக இணைக்க இடமிருந்தால் இந்தக் கவலை நீங்கும். மறைகுறியீட்டோடு பேசும் பேக்நெட் எஸ்.சி. முறை பாதுகாப்பில் சிறந்தது. அதற்குரிய சான்றிதழ்களைக் காலாவதியாகும் முன் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கையேடுகளில் அரிதாகவே சொல்லப்படும் ஒன்றையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். மையக் கணினியிலிருந்து செட் பாயின்ட்டை நிமிடந்தோறும் கன்ட்ரோலருக்கு எழுதிக்கொண்டிருக்கும் அமைப்புகள் பல உள்ளன. அந்த மதிப்பு, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் எழுதப்படுமானால், எழுதும் எண்ணிக்கைக்கு வரம்புள்ள அந்த நினைவகம் நாளடைவில் பழுதாகிவிடும். எந்தெந்த மதிப்புகளை அடிக்கடி எழுதலாம், எவற்றை எழுதக் கூடாது என்று தெளிவாகப் பட்டியலிடும் உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஆவணங்களைப் படிக்கும்போதே கருவியின் மீதும் நம்பிக்கை வருகிறது.

மின்வழங்கல் பெரும்பாலும் 24 வோல்ட் மாறுமின்னோட்டம்தான். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல கன்ட்ரோலர்களை இணைக்கும்போது, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தி அரை அலை வகையாக உள்ளவற்றையும் முழு அலை வகையாக உள்ளவற்றையும் கலந்துவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரோ கன்ட்ரோலரோ கருகும் ஆபத்து உண்டு. பழைய கட்டடத்தில் சில பெட்டிகளுக்கு மட்டும் புதிய கன்ட்ரோலர் மாற்றுபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

சுவரில் பொருத்தும் வெப்பநிலை சென்சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் சென்சார்களான தெர்மிஸ்டர்களில், 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டுபவற்றிலேயே இரண்டு வெவ்வேறு வளைகோடுகள் புழக்கத்தில் உள்ளன. தவறான வளைகோட்டைத் தேர்ந்தால் 25 டிகிரியில் எல்லாம் சரியாகத் தெரியும். அதிலிருந்து விலக விலகப் பிழை கூடும். வெளியேறும் காற்றை அளக்கும் சென்சாரில் இது பெரிய தவறாக முடியும். சுவரில் கம்பி வரும் துளையை அடைக்காமல் விட்டால், சுவருக்குள்ளிருந்து வரும் காற்றின் வெப்பநிலையையே கன்ட்ரோலர் அறையின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளும்.

எனக்கு மிகுந்த மனக்குறை உள்ள இடம், இயக்கத்திற்குக் கொண்டுவரும் மென்பொருள். உரிமம் வைத்திருக்கும் விற்பனையாளர் மட்டுமே கே ஃபேக்டரையோ குறைந்தபட்சக் காற்றளவையோ மாற்ற முடியும் என்று பூட்டிவைத்திருக்கும் கருவிகள் இன்னும் விற்கப்படுகின்றன. கட்டடத்தின் உரிமையாளர் தன் சொத்தில் ஓர் எண்ணை மாற்ற, ஒவ்வொரு முறையும் வெளியாளை அழைக்க வேண்டியிருக்கிறது. காற்றளவைச் சமன்செய்ய வரும் பொறியாளர், காற்று வெளிவரும் வாயிலின்மேல் பிடித்துக் காற்றளவைக் காட்டும் ஹூட் கருவியால் உச்ச அளவிலும் குறைந்தபட்ச அளவிலும் அளந்து, இரண்டு புள்ளிகளையும் அங்கேயே கன்ட்ரோலரில் பதிவு செய்ய முடிய வேண்டும். உச்சத்தில் ஒரே புள்ளியை மட்டும் ஏற்கும் கருவியில் குறைந்தபட்ச அளவு ஊகமாகவே நின்றுவிடுகிறது. சுவர் சென்சாரின் முனையிலோ ப்ளூடூத் வழியாகவோ, ஏணி ஏறாமலேயே இந்தப் பதிவைச் செய்ய வசதி தரும் கன்ட்ரோலர்கள் வந்திருப்பது மனமார வரவேற்கத்தக்கது. அந்த வசதிக்குக் கடவுச்சொல் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வாங்கும் முடிவை எடுப்பதற்கு முன், கட்டடத்தில் உள்ளதிலேயே சிறியதும் பெரியதுமான பெட்டிகளில் ஒவ்வொன்றில் மாதிரிக் கன்ட்ரோலரைப் பொருத்தி, குறைந்தபட்ச அளவில் அது காட்டும் எண்ணை ஹூட் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே ஒப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். இந்தச் சோதனையில் தேறும் கருவிக்கு அழகான திரை இல்லாவிட்டாலும் நான் வாங்குவேன். தேறாத கருவி எத்தனை வசதிகளோடு வந்தாலும் ஒதுக்குவேன். வாங்கிய பிறகு, ஒவ்வொரு பெட்டியின் கே ஃபேக்டர், உச்ச, குறைந்தபட்சக் காற்றளவுகள், முகவரி ஆகியவற்றைக் கணினிக் கோப்பில் காப்பதோடு, அழியாத மையில் எழுதிப் பெட்டியின் மூடியிலும் ஒட்டிவைக்க வேண்டும். கன்ட்ரோலரை மாற்ற வேண்டி வரும்போது, புதியதில் ஏற்ற வேண்டிய எண்கள் அப்போது கையருகிலேயே இருக்கும்.